பத்து செகண்டில் வராத பதில்

இந்த வாரம் உங்களில் ஒருவர் மூன்று வரி எழுதி, நம் மென்பொருளில் சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மென்பொருள் சரியாக நடக்கிறதா என்று சோதிக்கும் ஒரு டெஸ்ட் அவ்வப்போது தோற்றுச் சிவப்பாகிறதாம். அதனால் அதை மூன்று முறை ஓட்டி, ஒரு முறை பச்சை வந்தாலும் தேறியதாக வைத்துக்கொள்ளலாமாம். அதன் கீழே நான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். ஒருவர் கைதட்டும் பொம்மை வேறு போட்டிருக்கிறார்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன், அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த மூன்று வரிகளுக்கு மட்டும் பதில் எழுதியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த டெஸ்ட் எதற்காக இருக்கிறது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் போனது என் தப்பு. என்னைப் பற்றி நானே சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

புதிதாக வந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நம் மென்பொருள் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்காக எழுதியது. பாறைக்கு வெடி வைக்கும் நேரத்தில், சுரங்கத்துக்கு வரும் நான்கு வழிகளிலும் நான்கு காவலர்கள் சிவப்புக் கொடியோடு நின்று ஆட்களையும் வண்டிகளையும் தடுப்பார்கள். தன் பக்கம் யாரும் இல்லை என்றால் காவலர் போனில் ‘வழி காலி’ என்று ஒரு பட்டனை அழுத்துவார். நான்கு பதிலும் வந்த பிறகுதான் வெடிப்பவரின் திரை பச்சையாகும். பச்சை வந்தால் வெடிப்பார். இதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று பெரம்பலூரில் ஒரு உரக்கடை மாடியில் நாங்கள் மூன்று பேர் ஆரம்பித்தோம். இன்று பெயரே கேள்விப்படாத தேசங்களிலிருந்தெல்லாம் நீங்கள் எழுதுகிறீர்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. இப்போது பேச வந்தது அதைப் பற்றி இல்லை.

இந்த வேலையில் எல்லாமே காத்திருப்பதுதான். செய்தியை அனுப்பினால் பதில் அப்போதே வராது, எப்போதோ வரும். ஆகவே அதைச் சோதிக்கும் டெஸ்டும் காத்திருக்க வேண்டும். எங்கள் உரக்கடை மாடியில் கோடைக்காலத்தில் வோல்டேஜ் இருக்காது, நெட் இழுக்கும், மெஷின் ஆமை வேகத்தில் போகும். பதில் வருவதற்குள் டெஸ்டுக்குப் பொறுமை போய்ச் சிவப்பாகிவிடும். மறுபடி ஓட்டினால் பச்சை. என் முதல் கம்பெனியில் ஒரு சீனியர் இருந்தார், பெயர் வேண்டாம், நல்ல கெட்டிக்காரர். “சிவப்பு வந்தா பதறாத. இன்னொரு தடவ ஓட்டு. வேற வேல இருக்கு” என்பார். நான் அவரிடம் கற்றுக்கொண்டதில் முதல் பாடமே அதுதான். இன்று அவர் எதிரில் வந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன்.

ஒரு சித்திரை மாதம், ஒரே நாளில் பதினோரு தடவை மறுபடி ஓட்டி வெறுத்துப்போய், நான் ஒரு சின்ன ஃபங்ஷன், நாலைந்து வரி நிரல், எழுதினேன். எந்த டெஸ்டும் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால் இனி அதன் வழியாகத்தான் காத்திருக்கும். பத்து செகண்டுக்குள் பதில் வந்தால் சரிபார்க்கும். வராவிட்டால், நெட் மெதுவாக இருக்கிறது போல, போகட்டும் என்று சத்தமில்லாமல் விட்டுவிடும். டெஸ்ட் பச்சையாகிவிடும். எழுதி முடித்ததும் எல்லா டெஸ்டும் பச்சை. அன்று எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில், புது டெஸ்ட் எழுதுகிறவர்கள் எல்லாம் பழைய டெஸ்டிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்ட ஆரம்பித்தார்கள். அது என்ன செய்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

இனி ஆரோக்கியமேரி.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுரங்கம் நம் மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. எந்தச் சுரங்கம் என்று சொல்ல மாட்டேன். அங்கே கிழக்கு வழியில் காவலுக்கு நின்றவர் ஆரோக்கியமேரி. ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமம், ஒப்பந்த வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். நம் மென்பொருள் வருவதற்கு முன் அங்கே வேறு வழக்கம் இருந்தது. வழி காலியானால் காவலர் கொடியை இறக்குவார், மேட்டில் நிற்கும் ஆள் அதைப் பார்த்து விசில் கொடுப்பார், நான்கு விசிலும் கேட்காமல் வெடிப்பவர் கையைக்கூட அசைக்க மாட்டார். நாம் வந்ததும் விசிலையும் மேட்டில் நின்ற ஆளையும் எடுத்துவிட்டார்கள். கொடி மட்டும் கையில் இருந்தது, அதை யாரும் பார்ப்பதில்லை. எத்தனை நிமிடம் மிச்சம் என்று நான் ஒரு கூட்டத்தில் பெருமையாகப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஒரு நாள் மதியம், ஆரோக்கியமேரி கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே, அவருக்குப் பின்னால் பருத்திக் காட்டின் வண்டிப்பாதை வழியாக ஒரு ஷேர் ஆட்டோ சாலையில் ஏறிவிட்டது. பருத்தி எடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பெண்கள். இவர் கத்திக்கொண்டே ஆட்டோவின் பின்னால் ஓடியிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே திரை பச்சையானது. வெடித்துவிட்டார்கள். ஒரு கல் ஆட்டோவின் மேல் வந்து விழுந்து, பவுலின் என்ற பெண்ணின் காரை எலும்பு முறிந்தது. பவுலினுக்கும் ஆரோக்கியமேரிக்கும் ஒரே தெரு. இருவரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறவர்கள்.

சுரங்க மேனேஜர் பதிவைத் திறந்து பார்த்தார். கிழக்கு வழி, ‘வழி காலி’, சரியாக வெடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பு. ஆரோக்கியமேரி நான் அனுப்பவே இல்லை என்றார். மேனேஜர் என் ஆபீசுக்கு வந்தார்.

“மேடம், ஒரே கேள்விதான். காவலர் அமுக்காம உங்க சாப்ட்வேர் தானா ‘வழி காலி’ன்னு காட்டுமா?”

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையைத் திருடன் என்று சொன்னதுபோல் இருந்தது. அவர் கண் முன்னாலேயே எல்லா டெஸ்டையும் ஓட்டிக் காட்டினேன். திரை முழுக்கப் பச்சை. “பாத்தீங்களா சார்?” என்றேன். அவர் அதை எழுத்தில் கேட்டார். காவலரின் பதில் இல்லாமல் இந்த மென்பொருள் அனுமதி தராது, எல்லாச் சோதனைகளிலும் தேறியிருக்கிறது என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே ஆரோக்கியமேரியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவரே எனக்குப் போன் செய்தார். மென்பொருளில் உதவிக்கு என்று நாம் போட்டிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்.

“மேடம், கிழக்கு வழி காவலு ஆரோக்கியமேரி பேசுறங்க. நான் அமுக்கலைங்க மேடம். கையில கொடிய வெச்சிக்கிட்டு ஆட்டோ பின்னாடி ஓடுறேன், எப்படிங்க அமுக்குவேன்? போனு இடுப்புலதாங்க இருந்துச்சு.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எவ்வளவோ வார்த்தைகள் மறந்துபோன வயசு, இது மறக்கவில்லை. “சிஸ்டம் பொய் சொல்லாதும்மா” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

நான்கு மாதம் கழித்து, எங்களோடு வேலை பார்த்த சலீம், லெப்பைக்குடிக்காட்டுக்காரர், டெஸ்ட் எழுதியிருக்கும் விதம் சகிக்கவில்லை என்று ஆரம்பித்தார். ஒரு பதிலுக்குக் காத்திருக்க ஒரு ஃபங்ஷன், அதற்குள் இன்னொன்று, அதற்குள் என் பத்து செகண்ட். எது எதற்குக் காத்திருக்கிறது என்று படிக்கிறவனுக்குத் தலை சுற்றுகிறது, இதையெல்லாம் தூக்கிவிட்டு ஒரே வரியில் நேராகக் காத்திருக்க வைக்கலாம் என்றார். பதில் வந்தால் பார், வராவிட்டால் தோற்றுப்போ. அவ்வளவுதான்.

“ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கிற? வேற வேல இல்லியா?” என்று கத்தினேன். சலீம் இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தே விட்டார். என் ஃபங்ஷனை அழித்துவிட்டு ஓட்டினார். பதினேழு டெஸ்ட் சிவப்பு.

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. “ஒடச்சிட்டல்ல? எத்தன வருஷ வேலை இது! நல்லா இருந்ததக் கெடுத்துட்டு வந்து நிக்கிற!”

சலீம் அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் குரலை உயர்த்தினார். “நான் ஒடைக்கல மேடம். ஒடஞ்சுதான் கெடந்துச்சு. நீங்க துணியப் போட்டு மூடி வெச்சிருந்தீங்க. வந்து பாருங்க.”

பார்த்தேன். பதினாறு டெஸ்ட் உண்மையிலேயே மெதுவான மெஷினால் தோற்றவை. எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று ஒழுங்காக எழுதியதும் சரியாகிவிட்டன. பதினேழாவது மட்டும் எத்தனை தடவை ஓட்டினாலும் சிவப்பு. அது சோதித்தது இதைத்தான்: நேற்றைய வெடிக்கு அனுப்பிய பதில் தாமதமாகி இன்று வந்து சேர்ந்தால், ‘இது பழைய பதில், ஏற்க முடியாது’ என்று மென்பொருள் சொல்ல வேண்டும். டெஸ்ட் ஒரு பழைய பதிலை அனுப்பிவிட்டு, அந்த மறுப்புக்காகக் காத்திருந்தது. மறுப்பு வரவில்லை. பத்து செகண்டில் இல்லை, பத்து நிமிடம் காத்திருந்தாலும் வராது. ஏனென்றால் அதற்கு முந்தின வருடம் வேகம் கூட்டுகிறோம் என்று நாங்கள் எதையோ மாற்றியபோது, மென்பொருள் பழைய பதிலையும் வாங்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. டெஸ்ட் அன்றிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நெட் மெதுவாக இருக்கிறது போல, போகட்டும் என்று என் ஃபங்ஷன் அதன் வாயைப் பொத்தியிருந்தது.

எனக்கு ஆரோக்கியமேரி நினைவுக்கு வந்தார். கிழக்கு வழி பள்ளமான இடம், அங்கே சிக்னல் சரியாக இருக்காது. சுரங்கத்துக்குப் பேசி, போனிலிருந்த விவரத்தை வாங்கிப் பார்த்தோம். விபத்துக்கு முந்தின நாள் ஆரோக்கியமேரி பட்டனை அழுத்தியிருக்கிறார், சிக்னல் இல்லாமல் அது போனிலேயே தங்கிவிட்டது; சுரங்கம் கொடுத்த அந்தப் போன் இரவில் அங்கேயே காவல் கொட்டகையில்தான் இருக்கும். அன்றைக்கு ஆள் அனுப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டு வெடித்திருக்கிறார்கள். மறுநாள் அவர் ஆட்டோவைத் துரத்திக்கொண்டு மேட்டில் ஏறியதும் சிக்னல் கிடைத்து, இடுப்பில் இருந்த போன் நேற்றைய ‘வழி காலி’யைத் தானாக அனுப்பிவிட்டது. யாரைக் காப்பாற்ற ஓடினாரோ, அந்த ஓட்டமே அந்தப் பதிலை அனுப்பிவைத்திருக்கிறது.

மேனேஜருக்குப் போன் செய்து, என் கடிதம் தவறு, காவலர் மேல் குற்றமில்லை என்றேன்.

“இப்ப எதுக்கு மேடம் அதக் கெளறிக்கிட்டு? சரி பண்ணிட்டீங்கல்ல, விடுங்க. அந்தப் பொண்ணுதான் வேலைய விட்டுப் போயிடுச்சே.”

“போகல சார். நீங்க அனுப்புனீங்க. நான் எழுதிக் குடுத்து அனுப்புனீங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றே நம் திட்டத்தின் பொதுப் பக்கத்தில், உலகம் முழுக்கப் படிக்கும் இடத்தில், தப்பு எங்களுடையது, டெஸ்டை மூடி வைத்தது நான், கிழக்கு வழிக் காவலர் சொன்னதே உண்மை என்று என் பெயரைப் போட்டு எழுதினேன். உங்களில் எத்தனை பேர் அதைத் தேடிப் படித்தீர்கள்? மென்பொருளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, திறந்து வைத்தால் மட்டும் போதுமா, யாராவது பார்க்க வேண்டாமா?

மறுநாள் சலீமும் நானும் அவருடைய ஊருக்குப் போனோம். ஆரோக்கியமேரி வாசலில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். போனில் கேட்ட குரலை வைத்து நான் வேறு மாதிரி ஆளை நினைத்திருந்தேன். நல்ல உயரம், நிமிர்ந்த கழுத்து. நான் யாரென்று சொன்னதும் உட்காரச் சொல்லவில்லை. நடந்ததை நின்றபடியே சொல்லி முடித்தேன்.

“அப்ப நான் அமுக்கலை,” என்றார்.

“இல்லம்மா. நீங்க அமுக்கல.”

“நான் சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“உங்ககிட்டதானங்க சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?”

நான் மன்னிப்புக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி, பிரித்துப் பார்க்காமலே கையில் வைத்துக்கொண்டார்.

“இத வெச்சிக்கிட்டு நான் என்னங்க பண்றது? நாலு மாசமா இந்தத் தெருவுல ஒருத்தரும் எங்கிட்ட மொகம் குடுக்கல. கோயில்ல நான் உக்காந்தா பக்கத்துல இருக்குறவுங்க எந்திரிச்சிப் போறாங்க. போன்ல பேசிக்கிட்டே ஆட்டோவ விட்டுட்டாளாம். எம் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல கேக்குறாங்க. வாங்க எங்கூட.”

செருப்புகூடப் போடாமல் நடந்தார். நான்காவது வீடு. வாசலில் நின்று, “பவுலினு, வெளிய வா. ஒரு அம்மா பேசணுமாம்” என்றார். பவுலின் வந்தார். வலது கை இன்னும் தோளுக்கு மேல் தூக்க வராது என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் கணவரும் பின்னாலேயே வந்து நின்றார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“இப்ப சொல்லுங்க. என்கிட்ட சொன்னத இங்க சொல்லுங்க,” என்றார் ஆரோக்கியமேரி.

நான் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். அந்த வாசலில் பேசியது போல் எங்கும் நாக்கு குழறியதில்லை. ஃபங்ஷன், டெஸ்ட், சிக்னல் என்று என்னவோ சொன்னேன். பவுலினின் கணவர் குறுக்கிட்டார்.

“அதெல்லாம் எங்களுக்குப் புரியாதுங்க. யாரு தப்புன்னு சொல்லுங்க.”

“என் தப்புங்க. இவங்க அமுக்கல. கல்லு விழுறப்ப உங்க ஆட்டோவ நிறுத்தத்தான் ஓடிக்கிட்டிருந்தாங்க. நான்தான் இவங்க பொய் சொல்றாங்கன்னு கையெழுத்துப் போட்டேன்.”

பவுலினின் கணவர் என்னை அடித்திருந்தால்கூட நான் ஏனென்று கேட்டிருக்க மாட்டேன். ஒன்றும் செய்யவில்லை, தலை குனிந்துகொண்டார். பவுலின் ஆரோக்கியமேரியிடம், “வெயில்ல நிக்கிற. உள்ள வா, தண்ணி தரேன்” என்றார். ஆரோக்கியமேரி உள்ளே போனார். வாசற்படி தாண்டும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்தான் தப்பு.

அடுத்த வருடம் சுரங்கத்தில் மேனேஜர் மாறினார். புதியவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஆரோக்கியமேரியைத் திரும்பக் கூப்பிட்டார். மேட்டில் ஆளை நிறுத்தி, கொடியையும் விசிலையும் மறுபடி கொண்டுவந்தால்தான் வருவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார், கொண்டுவந்தார்கள். இன்றும் அதே கிழக்கு வழியில்தான் நிற்கிறார்.

நீங்கள் மூன்று முறை ஓட்டிப் பச்சையாக்கப் பார்க்கும் டெஸ்ட், அந்தப் பதினேழாவது டெஸ்ட்.

அது ஏன் சிவப்பாகிறது என்று கட்டைவிரல் தூக்கிய நான்கு பேரில் ஒருவராவது பார்த்தீர்களா? நான் பார்த்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அது மெதுவான மெஷினின் சிவப்பு இல்லை. புது வெடியை அறிவிக்கும் அதே நொடியில் சிக்னல் திரும்பினால், பழைய பதில் மறுபடி உள்ளே நுழைகிறது. போன மாதம் நீங்கள் சேர்த்த ஒரு மாற்றம் அந்த ஓட்டையைத் திறந்துவிட்டிருக்கிறது. எப்போதாவதுதான் நடக்கும். அந்த எப்போதாவதைத்தான் அந்த டெஸ்ட் உங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதை மூன்று முறை கேட்டு, பிடித்த பதிலை எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்கள். நானாவது தெரியாமல் செய்தேன்.

அந்த மூன்று வரி மாற்றத்தை, ஓய்வு பெற்றாலும் இன்னும் என்னிடம் இருக்கும் உரிமையை வைத்து, நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். பயன்படுத்தும் எல்லாச் சுரங்கங்களுக்கும், திரையை நம்ப வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நேற்றுக் காலையில் ஆரோக்கியமேரிக்கும் போன் செய்தேன். எங்களுக்குள் இப்போது அவ்வளவு பேச்சு உண்டு. “மறுபடியும் எங்க பக்கம் கோளாறும்மா. சரி பண்ற வரைக்கும் திரையில பச்ச வந்தாலும் நம்பாதீங்க” என்றேன்.

அவர் சிரித்தார்.

“நான் என்னைக்கு மேடம் அத நம்புனேன்? நான் கொடிய எறக்காம இங்க ஒருத்தரும் வெடிக்க மாட்டாங்க. நீங்கதான் நம்புறீங்க. உங்க ஆளுங்ககிட்ட சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன்.